முழங்கைத் தட்டில் நழுவிய பனி

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிக்கூடத்தில் நான் நர்ஸ். வெளியே வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான். கூடத்தின் ஒரு பக்கம் மேடாக ஏறிப்போகும் பனிச்சரிவு. அதன்மேல் காலில் ஸ்கீ என்னும் நீளப் பலகை கட்டிக்கொண்டு ஜனங்கள் இறங்குவார்கள். கீழே குழந்தைகள் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சறுக்குவார்கள். வாசலை ஒட்டி என் முதலுதவி அறை. மணிக்கட்டு சுளுக்கு, மூக்கில் ரத்தம், குளிரில் மிரண்டு அழும் பிள்ளை. பெரும்பாலான நாட்களில் அவ்வளவுதான் வேலை.

அதற்கு முன் ஜித்தாவில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் இருந்தேன். ஷரஃபியாவில் ரூம். கொரோனா வந்த வருடங்களை அங்கேதான் கழித்தேன். அந்த வார்டில் என்னவெல்லாம் பார்த்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அது முடிந்தபோது எனக்குள் எதுவோ மரத்துப்போயிருந்தது. ஊசி போட்ட இடம்போல. தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது. சாப்பிட்டேன், தூங்கினேன், ஞாயிற்றுக்கிழமை ஊரில் நடக்கும் பூசையை போனில் பார்த்தேன். ஃபஹாஹீலில் எண்ணெய் வயல் டெக்னீஷியனாக இருக்கும் என் கணவரோடு தினமும் பேசினேன். அவரும் நானும் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். கல்யாணமான நாள்முதல் அவர் குவைத்தில், நான் வேறெங்காவது. "எப்படி இருக்க பிள்ளே?" என்பார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கேன்," என்பேன். பொய்யில்லை. ஐ.சி.யூ. இல்லாத வேலையாகத் தேடியபோது இந்தப் பனிக்கூடம் கிடைத்தது.

கூடத்தில் சிவப்புச் சட்டை போட்ட பேட்ரோல் ஆட்கள் உண்டு. சரிவில் விழுந்தவர்களைக் கீழே கொண்டுவருவது அவர்கள் வேலை. அவர்களின் தலைவர் காஷ்மீர்க்காரர், நாற்பது தாண்டியவர், தாடி பாதி நரைத்திருந்தது. ஊரில் நிஜ மலையில் இதே வேலையைப் பார்த்தவர். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் சேர்ந்த வாரமே என் அறைக்கு வந்து, "சிஸ்டர், மேலே ஒருத்தன் கழுத்து அடிபட்டுக் கிடந்தால் நீங்கள் நடந்து வருவீர்களா?" என்று இந்தியில் கேட்டார். அப்படித்தான் ஸ்கீ கற்றுக்கொண்டேன். கூடம் திறப்பதற்கு முன், காலையில். பயமும் இருக்கவில்லை, பெரிய மகிழ்ச்சியும் இருக்கவில்லை. கால்கள் கற்றுக்கொண்டன.

என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்ட இன்னொருவர் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். ஆரம்பத்தில் லேபர் கேம்பில் இருந்து, ஏ.சி. மெக்கானிக்காகி, பிறகு இங்கே வந்தவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். பனியைப் பற்றி அவருக்கு ஒரு வேடிக்கையான கோபம் உண்டு. "ஊருல தண்ணிக்கு அல்லாடுறோம். இங்க தண்ணிய அரைச்சுத் தரையில கொட்டி அதுக்குக் காவல் காக்குறேன்," என்பார்.

பாய் ஒவ்வொரு வருடமும் நோன்பு மாதத்துக்கு முன்னால் கூட்டம் குறைவான வாரத்தில் ஜார்ஜியா போவார். எமிரேட்ஸில் விசா வைத்திருப்பவர்களுக்கு அது சுலபமான ஊர். காலையில் விமானம் ஏறினால் மதியம் மலையடிவாரத்தில் இருக்கலாம். கடைத்தெருவில் பார்க்கிற பாதிப்பேர் ஒருமுறையாவது போய்ப் பனியில் போட்டோ எடுத்து வந்திருப்பார்கள். பாய் போவது அந்தப் பனிக்கு இல்லை. லிஃப்டும் வேலியும் இல்லாத பின்பக்க மலைகளில், ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறி, யாரும் மிதிக்காத சரிவில் இறங்குவார்.

"வர்றீங்களா?" என்று எங்கள் இருவரையும் கேட்டார்.

அண்ணன் உடனே சரி என்றார். எனக்கு லீவ் மீதி இருந்தது. கணவரின் லீவோடு அது சேராது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது, தேடத் தோன்றவில்லை. போனேன்.

போவதற்கு முன் சில காலைகள் பாய் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மார்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோ கருவி ஒன்று, பீக்கன் என்று பெயர். பனிக்குள் புதைந்தவனின் பீக்கன் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே இருப்பவன் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி அதைப் பிடிக்க வேண்டும். மடக்கி வைத்த நீளமான கம்பி ஒன்று, குத்திப் பார்க்க. மடக்கு ஷவல் ஒன்று, தோண்ட. பாய் ஒரு பையில் பீக்கனைப் போட்டுப் பனிக்குவியலுக்குள் புதைத்துவிடுவார். அண்ணனும் நானும் தேடுவோம்.

"மெதுவாகத் தேடினால் பையைத்தான் எடுப்பீர்கள், உயிருள்ள ஆளை எடுக்க மாட்டீர்கள்," என்பார்.

ஜார்ஜியாவில் நாங்கள் தங்கிய இடம் ஒரு சின்ன விருந்தினர் விடுதி. நடத்திய அம்மாள் காலையில் சீஸ் வைத்த ரொட்டியும் கறுப்புத் தேநீரும் கொடுப்பார். சாப்பிடும்போதே பாய் போனில் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிப்பார். ஒன்றிலிருந்து ஐந்துவரை அளவு. நாங்கள் போன வாரம் முழுக்க மூன்று.

"அப்ப நடுத்தரம்தானே பாய்?" என்றார் அண்ணன்.

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நாலு, ஐந்து என்றால் யாரும் வீட்டைவிட்டுப் போக மாட்டான். மூன்றில்தான் போவான்."

முதல் நாள் எளிதான இடங்களில் நடந்தோம். போகிற வழியெல்லாம் பாய் எதையாவது பார்த்துக்கொண்டே இருந்தார். முகட்டில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் பனியைத் தள்ளியிருக்கிறது என்று பார்த்தார். பக்கத்துச் சரிவுகளில் புதிதாக ஏதாவது உடைந்து விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். ஸ்கீக் கோலைச் சரிவின்மேல் படுக்கவைத்து அதன்மேல் போனை வைத்துச் சாய்வு பார்த்தார். முப்பது டிகிரிக்குக் குறைவென்றால் பேச்சுக்கொடுத்தபடி நடப்பார். அதைத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். ஒரு சமதளத்தில் நான் கால் வைத்தபோது அடியில் பெரிய மெத்தை அமுங்கியதுபோல ஒரு சத்தம் கேட்டது. 'வும்ப்' என்று, காதைவிட வயிற்றில்தான் அதிகம் கேட்டது. பாய் நின்றுவிட்டார்.

"கேட்டீர்களா சிஸ்டர்? அடியில் ஒரு அடுக்கு உடைந்தது. இது சரிவாக இருந்திருந்தால் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்க மாட்டோம்."

சரி என்று தலையாட்டினேன். பயப்பட வேண்டிய இடம் என்று புத்திக்குத் தெரிந்தது.

மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல நீலமாக இருந்தது. முந்தின இரவு நன்றாகக் காற்று வீசி ஓய்ந்திருந்தது. நாங்கள் இறங்க நினைத்த சரிவு ஒரு பெரிய கிண்ணத்தின் உட்பக்கம்போல வளைந்து கிடந்தது. கறைபடாத வெள்ளை. அதற்குப் பக்கத்தில், அதே திசை பார்த்த சின்ன, ஆபத்தில்லாத ஒரு மேட்டில் பாய் குழி தோண்டச் சொன்னார். இடுப்பளவுக்குத் தோண்டி ஒரு பக்கச் சுவரை ஷவலால் செதுக்கினோம். செதுக்கியதும் பனியின் அடுக்குகள் வரிவரியாகத் தெரிந்தன. பாய் கையுறையோடு மேலிருந்து கீழே அமுக்கிக்கொண்டே வந்தார். மேல் அடுக்கில் ஒரு விரல்தான் நுழைந்தது. காற்று அடித்து இறுக்கிய பனி அது, தெர்மோகோல் பலகைபோல ஒரே துண்டாக இருந்தது. அதற்குக் கீழே முஷ்டியே உள்ளே போய்விட்டது. அங்கிருந்து ஒரு கை அள்ளினார். சர்க்கரைபோல விரலிடுக்கில் உதிர்ந்தது, ஒட்டவே இல்லை.

அண்ணன் குனிந்து பார்த்தார். "தங்கச்சி, இது நம்ம மெஷினோட கூலிங் காயில்ல பூக்குற ஃப்ராஸ்ட் மாதிரில்ல இருக்கு."

பாய்க்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார். "அதே வேலைதான். கீழே தரை கொஞ்சம் சூடு, மேலே காற்று குளிர். நடுவில் இருக்கும் பனி இப்படி மணிமணியாக மாறிவிடும். ஒன்றோடொன்று பிடிக்காது. இதன்மேல் கனமான பலகை உட்கார்ந்திருக்கிறது."

பிறகு ஒரு சதுரத் தூண்போலப் பனியைத் தனியாக வெட்டி நிறுத்தி, அதன் தலையில் ஷவலை வைத்துத் தட்டினார். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்து. ஒன்றும் ஆகவில்லை. பிறகு முழங்கையிலிருந்து. இரண்டோ மூன்றோ தட்டுத்தான். மேல்பலகை முழுசாக, மேஜை இழுப்பறையைத் திறந்ததுபோல முன்னால் நழுவி எங்கள் கால்மேல் விழுந்தது. நழுவிய இடம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது. தோளிலிருந்து தட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

"கலாஸ், முடிந்தது," என்றார் பாய். "கீழே போகலாம். அந்த மர வரிசைக்குள்ளேயே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு."

அண்ணன் அந்த வெள்ளைச் சரிவை ஒருமுறை பார்த்தார். "இவ்வளவு தூரம் நடந்தோமே பாய்."

"நடந்தது நல்லது. உடம்புக்கு."

வந்த தடத்திலேயே திரும்பி நடந்தபோது எதிரே இரண்டு பேர் ஏறிவந்தார்கள். முன்னால் வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை உற்றுப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க துபாய்ல அந்த ஸ்னோ ஹால் நர்ஸ்தானே? எனக்குக் கட்டுப் போட்டு விட்டீங்க, கையில."

எனக்கு முகம் நினைவில்லை, ஒரு நாளைக்கு எத்தனையோ மணிக்கட்டுகள். ஆனால் அதிசயமும் இல்லை. எமிரேட்ஸிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் பலரும் எங்கள் கூடத்தில்தான் பழகுகிறார்கள். அவர் திருச்சிக்காரர், அபுதாபியில் இன்ஜினியர். கூட வந்தவர் லெபனான்காரர், அதே ஆபீஸ். இருவரிடமும் பீக்கன், கம்பி, ஷவல் எல்லாம் சரியாக இருந்தன. விளையாட்டுப்போக்கில் வந்தவர்கள் இல்லை.

பாய் தடத்தைவிட்டு விலகாமல் அப்படியே நின்று, குழியில் பார்த்ததையெல்லாம் இந்தியில் சொன்னார். இன்ஜினியருக்கு இந்தி நன்றாகவே புரிந்தது. பொறுமையாகக் கேட்டார். பிறகு கிண்ணத்தின் மறுபக்கத்தைக் கோலால் காட்டினார்.

"அங்க பாருங்க பாய், நேத்து நாலஞ்சு பேர் இறங்கியிருக்காங்க. தடம் இருக்கு."

"தடம் இருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள் என்று தெரியும். சரிவைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேற்று ராத்திரி காற்று அடித்தது."

லெபனான்காரர் ஆங்கிலத்தில் நண்பரிடம், நாமும் திரும்பிவிடலாமா என்று கேட்டார். இன்ஜினியர் யோசித்தார். நான் தமிழில் சொன்னேன்.

"அண்ணா, வேண்டாம். முழங்கையால தட்டினதுக்கே நழுவிடுச்சு. அடியில சர்க்கரை மாதிரி கிடக்கு. நாங்களே திரும்பிட்டோம்."

"நடுவுல போகல சிஸ்டர். அந்தப் பாறைய ஒட்டி ஓரமாத்தான். ஒரே ஒரு ரன். நாளைக்கு காலைல ஃப்ளைட்."

"ஓரமும் அதே பனிதான்," என்றார் பாய்.

"பாத்து போறோம் பாய். ரொம்ப தேங்க்ஸ்." பாயோடும் அண்ணனோடும் கைகுலுக்கினார். என்னிடம், "கை இப்ப நல்லாயிடுச்சு," என்று மணிக்கட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு ஏறிப்போனார்.

பாய் சிறிதுநேரம் அவர்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு கீழே இறங்குவதை நிறுத்தி, கிண்ணம் முழுதும் தெரிகிற, எதுவும் வந்து விழாத ஒரு திட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். "இங்கேயே சாப்பிடுவோம்," என்றார். பாய் கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் முகட்டுக்குப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. ஒருவர் மேலேயே நிற்க, ஒருவர் இறங்கினார். ஒழுங்காகத்தான் செய்தார்கள், ஒரு நேரத்தில் ஒருவர். பாறையை ஒட்டி அழகாக இரண்டு மூன்று வளைவுகள். அப்புறம் அவருக்கு மேலே சரிவின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. பென்சிலால் இழுத்ததுபோல. சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது. வெள்ளை மொத்தமும் துண்டுதுண்டாக உடைந்து இறங்கியது. அவர் அதோடு கொஞ்சதூரம் வந்தார், பிறகு தெரியவில்லை. தூசிபோலப் பனிமேகம் எழுந்து எங்கள் முகம்வரை குளிர்ந்து அடித்தது.

"கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார் பாய். குரல் சாதாரணமாக இருந்தது. நான் கையைக் காட்டினேன். அவரும் அதே இடத்தைத்தான் காட்டினார். அண்ணன் அவசர எண்ணுக்கு போன் செய்தார். பாதி ஆங்கிலமும் பாதி கத்தலுமாக இடத்தைச் சொன்னார்.

குவியலின் விளிம்பை அடைந்ததும் நான் உள்ளே இறங்கப் போனேன். பாய் என் பையைப் பிடித்து நிறுத்தினார். மேலே பார்த்தார். உடைந்த கோட்டுக்கு மேலே இடதுபுறம் இன்னும் ஒரு துண்டு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் மிகவும் நீளமாகத் தோன்றியது, உண்மையில் அரை நிமிடம்கூட இருந்திருக்காது. உள்ளே ஒரு மனிதன் மூச்சில்லாமல் கிடக்கிறான். வெளியே பாய் பனியை மதிப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"வலதுபக்கமாக நாம் இருவர் மட்டும்," என்றார். "நீ இங்கேயே நில். அந்தத் துண்டைவிட்டுக் கண்ணெடுக்காதே. அசைந்தால் கத்து," என்று அண்ணனிடம் சொன்னார். முகட்டில் நின்ற லெபனான்காரரை இரண்டு கைகளாலும் சைகைகாட்டி அசையாமல் நிற்கச் சொன்னார்.

பீக்கன்களைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு போனோம். என்னுடையது முதலில் பேசியது. திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது, பிறகு ஏறியது, திரும்பினேன், குறைந்தது. மண்டியிட்டுப் பனிமேல் கருவியைத் தேய்த்தபடி நகர்ந்தேன். பாய் கம்பியால் குத்தினார். மூன்றாவதோ நான்காவதோ குத்தில் நின்றார். அவர் கை நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு என் கையையும் அந்தக் கம்பியின்மேல் வைத்துப் பார்த்தேன். பனியில் குத்தினால் ஒருவிதம், தரையில் குத்தினால் ஒருவிதம். இது இரண்டும் இல்லை.

ஓடி வந்து நின்ற பனி உடனே இறுகிவிடுகிறது. கூடத்தில் நான் தோண்டிப் பழகிய பனி இது இல்லை, சிமெண்ட். கம்பியைப் பிடுங்காமல் அதற்குக் கீழ்ப்பக்கமிருந்து வெட்டி வெட்டி உள்ளே போனோம். அண்ணன் காவல் இடத்திலிருந்து, "தங்கச்சி, அது அசையல, தோண்டுங்க, அசையல," என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மேலிருந்த நண்பர், எல்லாம் வழித்துக்கொண்டுபோன வெறும் தடத்தின் வழியாக மெதுவாக இறங்கிவந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

முதலில் தோள். பிறகு தலை. வாயைச் சுற்றி மெல்லிய பனிக்கட்டி ஓடுபோலப் படிந்திருந்தது. கொஞ்சநேரம் மூச்சு விட்டிருக்கிறார் என்று அர்த்தம். கையுறையைக் கழற்றி வாய்க்குள் இருந்த பனியை விரலால் எடுத்தேன். கழுத்தில் துடிப்புப் பார்த்தேன். ஊதினேன். மார்பு வெளியே வந்ததும் அமுக்க ஆரம்பித்தேன். நானும் பாயும் மாறிமாறி. நண்பர் தலைமாட்டில் உட்கார்ந்து அரபியில் மெதுவாக ஏதோ ஓதினார். என் கைகளுக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். ஜித்தாவில் எத்தனையோ பேருக்குச் செய்தவை. அவை செய்தன. நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் வெள்ளையாகியிருந்தன, குளிர் தெரியவில்லை.

மீட்புக்காரர்கள் ஸ்னோமொபைலில் வந்து மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் டாக்டர் ஒருவர் வெகுநேரம் பார்த்தார். கடைசியில் எழுந்து என் தோளில் கைவைத்து அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது, வார்த்தை புரிந்தது.

இன்ஜினியரின் மனைவியிடம் நான்தான் சொன்னேன். அடிவாரத்தில் மீட்பு நிலையத்தில் வைத்து நண்பர் எண்ணைப் போட்டார். மணி அடிக்கத் தொடங்கியதும் அவரால் முடியவில்லை, போனை என்னிடம் நீட்டினார்.

"ஹலோ, சொல்லுங்க," என்றது அந்தப் பக்கம். பின்னால் மிக்சி ஓடும் சத்தம்.

"நான் ஒரு நர்ஸ் பேசுறேங்க. ஜார்ஜியாவிலிருந்து. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

மிக்சி நின்றது. "நீங்க தமிழா?"

"ஆமா."

"அவருக்கு என்ன?"

சுற்றி வளைக்கக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். அடிபட்டிருக்கிறது, பார்க்கிறோம் என்றெல்லாம் சொன்னால் அவர்கள் மனசு அந்த இடத்திலேயே நின்றுவிடும். "பனி சரிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டார். எடுத்தோம். உயிர் இல்லை. இறந்துட்டார் அம்மா," என்றேன்.

நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார்.

"குளச்சல் பக்கம்."

"ஓ," என்றார். "சரிங்க." போனை வைக்கவில்லை. நானும் வைக்காமல் நின்றேன். கொஞ்சநேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி போனை வாங்கிக்கொண்டாள்.

துபாய் திரும்பியதும் அடுத்த ஷிப்டுக்குப் போனேன். நான்கு நாட்கள் விட்டுப்போன அறை அப்படியே இருந்தது. முதல் ஆளாக மூக்கில் ரத்தத்தோடு ஒரு ரஷ்யக் குழந்தை வந்தது. பஞ்சு வைத்தேன். மேனேஜர் லீவ் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. அண்ணன் அந்த வாரம் முழுக்கச் சரிவுப்பக்கம் வரவில்லை, இயந்திர அறையிலேயே இருந்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "தங்கச்சி, எனக்குக் காதுல என் குரலே கேக்குது. அசையல அசையலன்னு," என்றார். நான் அவருக்கு இன்னொரு டீ வாங்கிக்கொடுத்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கனவும் வரவில்லை. அதைச் சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று சொல்லவில்லை.

அழுதேனா என்று கணவர் போனில் கேட்டார். "கரஞ்சியா பிள்ளே?"

"இல்ல."

"கரையணும்னு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே தோணல. மனுஷியா நான்னு இருக்கு."

ஆண்டு லீவுக்கு ஒரு நாள் முன்பின் அசையாதவர், வெள்ளிக்கிழமை காலையில் என் ரூம் வாசலில் சின்னப் பையோடு நின்றார். சூப்பர்வைசரிடம் என்ன பொய் சொன்னார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கராமாவில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். மீன்குழம்பு வாங்கினார். நான் பாதியில் கையெடுத்ததும் என் தட்டை இழுத்து அவரே சாப்பிட்டு முடித்தார். மலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரல் நுனியில் தோல் உரிந்து கறுத்திருந்தது.

"இது தெரியுதா?" என்று அமுக்கினார்.

"இல்ல."

"வரும்," என்றார். சனிக்கிழமை மாலை விமானத்தில் திரும்பிவிட்டார்.

நோன்பு மாதத்தின் நடுவில், ஒரு மதியம், இறந்துபோன இன்ஜினியரின் மனைவி கூடத்துக்கு வந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். சாதாரணச் சுடிதார், கையில் கார் சாவி. உடலை ஊருக்குக் கொண்டுபோய்க் காரியமெல்லாம் முடித்து, அபுதாபி வீட்டைக் காலிசெய்யத் திரும்பி வந்திருந்தார். யார் என்று சொன்னதும் நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க போகக்கூடாதுன்னு அவருக்குத் தெரியுமா? யாராவது சொன்னாங்களா?"

"சொன்னோம். எங்க பாய் சொன்னார். நானும் தமிழ்ல சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஓரமா போறேன், ஒரே ஒரு ரன்னுன்னார். தேங்க்ஸ் சொன்னார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "தேங்க்ஸ் சொல்வார். எதுக்கும் கோபப்பட மாட்டார். கேட்கவும் மாட்டார்." பிறகு, "எல்லாரும் எங்கிட்ட, திடீர்னு நடந்துச்சு, யாருக்கும் தெரியாதுங்குறாங்க. எனக்கு அது ஒத்துக்கல," என்றார்.

"தெரியும்," என்றேன். "முன்னாடியே தெரிஞ்சதுதான்."

அந்தப் பதில் அவரை உடைத்துவிடும் என்று நினைத்தேன். அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் சரிவில் இறங்குகிறவர்களைப் பார்த்தார். அவர் கணவர் வாராவாரம் இங்கே வந்திருக்கிறார், தான் ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை, குளிர் ஆகாது என்றார். பார்க்கிறீர்களா என்று கேட்டேன். என் கோட்டைப் போட்டுவிட்டுக் கூட்டிப்போனேன். நோன்பு நேரம், கூட்டமே இல்லை. அவர் குனிந்து ஒரு கை பனி அள்ளினார். அது உருகி முழங்கைவரை ஒழுகும்வரை வைத்திருந்தார்.

"இதுக்கா இவ்வளவு கனம்?" என்று கேட்டார்.

"இது இல்லை. அது இறுகிடும்."

"வலிச்சிருக்குமா?"

"கொஞ்சநேரம்தான் நினைவு இருந்திருக்கும். அதுக்கப்புறம் தூக்கம் மாதிரி." எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. அவர் கோட்டுக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் அழுது முடிக்கும்வரை என் கை அவர் முதுகில் இருந்தது. போகும்போது கோட்டை மடித்துக் கொடுத்தார். அந்த மாதமே திருச்சிக்குப் போய்விட்டார். எப்போதாவது வாட்சப்பில் காலை வணக்கம் அனுப்புவார், நானும் பதில் போடுவேன்.

பாய் கூடத்து மேனேஜரிடம் பேசி, அந்த வருடக் கடைசியில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். மலைக்குப் போகிறவர்களுக்கு, காசில்லாமல், கூடம் திறப்பதற்கு முன். பீக்கன் தேடுவது, கம்பியால் குத்துவது, தோண்டுவது. மூச்சு கொடுக்கும் பகுதி என்னுடையது. மலையாளிகள், எகிப்தியர், பாகிஸ்தானியர், நம் ஆட்கள் என்று வருவார்கள். லெபனான்காரர் ஒருமுறை வந்து பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனார். அண்ணன் வகுப்புக்குப் பனி குவித்துத் தருவார், மலைக்கு மட்டும் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "எனக்கு இந்தப் பனியே போதும் தங்கச்சி. இது சொன்னபேச்சுக் கேக்கும்."

அடுத்த குளிர்காலத்தில் பாய் என்னைக் கேட்டார். போனேன். ஏன் என்று கணவர் கேட்கவில்லை, போய்ச் சேர்ந்ததும் போன் போடச் சொன்னார். அதே விடுதி, வேறு பள்ளத்தாக்கு. எச்சரிக்கை அளவு இரண்டு. குழியை நான் தோண்டினேன். சுவரைச் செதுக்கி, அமுக்கிப் பார்த்து, தூண் வெட்டித் தட்டினேன். மணிக்கட்டு, முழங்கை, பிறகு தோளிலிருந்து முழு பலத்தோடு. தூண் நசுங்கிக் குட்டையானதே தவிர எங்கேயும் நழுவவில்லை. சாய்வு பார்த்தேன். முகட்டில் காற்றுத் தள்ளிய பனி இல்லை. பக்கத்தில் எதுவும் உடைந்து கிடக்கவில்லை. இன்னொரு இடத்திலும் தோண்டினேன், அங்கேயும் அப்படித்தான்.

"என்ன சொல்கிறீர்கள் சிஸ்டர்?" என்றார் பாய்.

"போகலாம்."

"யார் முதலில்?"

"நான்."

இறங்கினேன். பனி முழங்கால்வரை எழுந்து இரண்டு பக்கமும் பிரிந்தது. எதுவும் உடையவில்லை. கீழே பாதுகாப்பான இடத்துக்கு வந்து நின்று, திரும்பி, கோலை உயர்த்திக் காட்டினேன். பிறகு பாய் மேலிருந்து கிளம்பியதும், அவர் இறங்கி முடிக்கும்வரை அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.